காத்தலும் கரைத்தலும்

சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் சிவன் பெரியவனா திருமால் பெரியவனா என்று வாதிட்டு நிற்க, கோமதியம்மை தவமியற்றிச் சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியாகக் கண்ட தலம் என்று சங்கரன்கோவிலைப் புராணம் போற்றுகிறது. ஆடித் தபசன்று அக்காட்சிக்காகக் காத்து நிற்கும் ஜனத்திரளின் நடுவே, காப்பவனும் சம்ஹரிப்பவனும் ஓருடலில் எவ்வாறு இசைந்திருக்க முடியும் என்ற கேள்வி எழாமல் இராது. சைவ சித்தாந்தமோ சம்ஹாரத்தைக் கொடுமையென்று கொள்ளவில்லை. பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு இறைவன் அளிக்கும் ஓய்வு என்றே கொள்கிறது. இங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணும் அப்படிப்பட்டதுதான்: மரத்தையும் சருகையும் தின்று தீர்க்கும் கறையான் எழுப்பிய அம்மண்ணை நீரில் குழைத்து நெற்றியில் இட்டால், சற்று நேரத்தில் உலர்ந்து உதிர்ந்துவிடுகிறது.

நாம் படைக்கும் பொருள்களுக்கு அவ்வோய்வை நாம் அளிப்பதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலம் போன்ற மக்கும் பிளாஸ்டிக்குகளை ரசாயன அறிஞர்கள் மாற்றாகக் காட்டுகின்றனர். ஆனால் பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகும். உருகிய நிலையில் தாங்கும் பலமின்றித் தொய்யும். ஆகவே அதில் கரி நானோகுழாய்களைக் கலக்கின்றனர்.

அவ்வுருகிய குழம்பை இரு வட்டத் தகடுகளுக்கிடையே வைத்து மெல்ல இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தால் ஓர் அதிசயம் புலப்படும். கரி சேராதது மெதுவான அசைவுக்கு முற்றும் இணங்கி ஓடுகிறது. நூற்றில் ஓரிரு பங்கு கரி சேர்ந்ததோ, குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலையாகப் பின்னிக்கொள்வதால், அதே மெதுவான அசைவில் திடப்பொருள்போல் எதிர்த்து நிற்கிறது. விசையாக இழுத்தால் வலை குலைந்து, குழாய்கள் ஓட்டத்தின் திசையில் சாய, குழம்பு தளர்ந்து ஓடுகிறது. அசையாமல் விட்டால் வலை மீண்டும் கூடுகிறது. நிற்பதும் ஓடுவதும் பொருளுக்கு மட்டுமின்றி, நாம் பார்க்கும் கால அளவுக்கும் உரிய குணம் என்பதை 1964இல் மார்க்கஸ் ரெய்னர் ஓர் எண்ணால் விளக்கி, இறைவன் திருமுன் மலைகளும் ஓடின என்று பாடிய எபிரேயத் தீர்க்கதரிசினி தெபோராவின் பெயரை அதற்கு இட்டார். மனிதனின் அற்ப ஆயுளில் நிற்பது ஈசனின் காலத்தில் ஓடுகிறது என்ற அக்கருத்து நம் மரபுக்கும் அந்நியமானதன்று.

எனினும், நீரும் நுண்ணுயிரும் கூடி, 58 டிகிரி அளவில் சூடேறிய உரக்குவியலில் அப்பிளாஸ்டிக்கைச் சில மாதங்களில் கரைத்துவிடினும், சாதாரண மண்ணில் அது நெடுங்காலம் கிடக்கும். உள்ளே வைத்த கரியோ எளிதில் கரையாது. உடல் கரைய, எலும்பை மட்டும் மண்ணில் விட்டுச்செல்லும் அழிவை லயம், அதாவது இறைவன் தரும் அவ்வோய்வு, என்றழைக்க என் மனம் ஒப்பவில்லை. நெடுநாள் உழைக்கவும் மின்சாரம் கடத்தவும் வேண்டிய கருவிகளுக்குக் கரி நானோகுழாய் உரியதாகுக. ஒருநாள் பயனுக்குப் பின் எறியும் பைக்கோ, சற்று வலுக்குறையினும், மரத்திலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எடுத்து, மண்ணிலுள்ள உயிர்கள் தின்னத்தக்க செல்லுலோஸ் நுண்ணிழையையே நான் வேண்டுவேன்.