புது வண்டிக்கு மட்டுமா கைப்பிடிச் சுவர்?

2022 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஸ்காட்ஸ்டேல் நகரில், ஒரு வீட்டு வாசல் கேமராவில் பதிவான காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. வெயில் 43 டிகிரி வாக்கில். யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் டிரைவர் ஒருவர் கையில் உறையோடு தள்ளாடி வருகிறார், வாசலில் அப்படியே சரிகிறார். சற்று நேரம் கிடந்துவிட்டு எழுந்தவர், அழைப்பு மணியை அடித்துவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்புகிறார். மயங்கி விழுந்தவனுக்கும் மணியடிக்கும் கடமை மறக்கவில்லை.

அந்த நிறுவனத்தின் பழுப்பு நிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று ஏசி கிடையாது. பார்சலைத் தேடி டிரைவர் நாள் முழுக்கப் பின்பக்கப் பெட்டிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரவேண்டும். அந்தக் கோடையில் சிலர் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் படமெடுத்து வெளியிட்டார்கள். 49 டிகிரி காட்டிய படங்களும் இருந்தன. அடிக்கடி நின்று கதவைத் திறக்கிற வண்டியில் ஏசியால் பயனில்லை என்பது நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்த பதில்.

மறு ஆண்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை வந்தது. யுபிஎஸ்ஸில் வேலை செய்யும் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் பேருக்காக டீம்ஸ்டர்ஸ் யூனியன் பேசியது. 1997இல் 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தது இரு தரப்புக்கும் நன்றாக நினைவிருந்தது. 2023 ஜூனில் வெப்பம் பற்றி உடன்பாடு ஏற்பட்டது: 2024 ஜனவரி 1க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்கு ஏசி; பழைய வண்டிகளுக்கு மின்விசிறியும், வெப்பத்தைத் தடுக்கும் தகடும், காற்றுப் போக வழியும். ஜூலையில் சம்பளமும் முடிவாகி, ஆகஸ்டில் 86.3 சதவீத வாக்குகளோடு ஒப்பந்தம் நிறைவேறியது. மணிக்கு 2.75 டாலர் உடனடி உயர்வு, ஐந்தாண்டில் 7.50 டாலர்.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி தலைநீட்டுகிறது. மணிக்கு எத்தனை டாலர் என்பதைப் பேரம் பேசலாம், சரி. வண்டிக்குள் மயங்கி விழாமல் இருப்பதையும் அதே மேசையில் வைத்துப் பேரம் பேசுவது முறையா?

பொருளாதாரத்தைக் கேட்டால் தயங்காமல் ஆமாம் என்னும். வேலையின் கடுமைக்குத் தக்கபடி கூலி மாறும் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார். ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு. வாங்குபவன் வாங்கட்டும், விற்பவன் விற்கட்டும் என்கிற கணக்கு.

பைபிளில், உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன், மொட்டைமாடியிலிருந்து யாரும் விழுந்துவிடாதபடி கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். தவறினால் இரத்தப்பழி அவன் வீட்டின்மேல். மாடிக்கு வருகிறவன் கேட்டானா, வாதாடினானா என்ற பேச்சே அங்கு இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடிஸ் இதைக் கிணறு, பள்ளம் என்று உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் விரித்தார். சுவரின் உயரம் பத்துக் கையகலத்துக்குக் குறையக்கூடாது, ஒருவன் சாய்ந்தாலும் தாங்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்.

அந்த வசனம் "புது வீடு" என்றுதானே சொல்கிறது? பழைய யூத உரையாசிரியர்கள் இதைக் கேட்காமல் விடவில்லை. விலைக்கு வாங்கிய வீடு, பாட்டன் சொத்தாக வந்த வீடு என்றால்? பழி வீட்டின்மேல் விழக்கூடாது என்ற பிற்பகுதியைக் காட்டி, எல்லா வீட்டுக்கும் சுவர் வேண்டும் என்று தீர்த்தார்கள். புது வண்டிக்கு ஏசி, பழைய வண்டிக்கு மின்விசிறி என்ற விதியை அவர்களிடம் கொண்டுபோயிருந்தால் சும்மா விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் வேதத்தைக் காட்டி யூனியனைக் குறை சொல்வது நியாயமில்லை. வேலையிடத்து வெப்பத்துக்கென்று அமெரிக்க மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டதே 2024இல்தான். கடமை இருந்தும் கேட்க ஆள் இல்லையென்றால் அது ஏட்டில்தான் கிடக்கும். மின்விசிறிகூடப் பேரத்தில்தான் வந்தது. அதே யூத மரபின் தல்மூதில், தினக்கூலிக்காரன் ஏன் ஏணி ஏறுகிறான், மரத்தில் தொங்குகிறான் என்று ஒரு கேள்வி வருகிறது. கூலிக்காகத்தானே? கூலி வாங்கியதால் ஆபத்துக்கும் அவனே பொறுப்பு என்று அந்த ரபிகள் முடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்த கூலியைப் பிடித்துவைப்பது அவன் உயிரையே எடுப்பதற்குச் சமம் என்றார்கள். 1891இல் போப் பதின்மூன்றாம் லியோவும், இருவர் மனமொத்துச் செய்த ஒப்பந்தத்துக்கும் மேலே ஒரு நியாயம் உண்டு என்று தம் சுற்றுமடலில் வாதாடினார்.

இன்னும் சிக்கலான ஒன்று, வீடு, இங்கே வண்டி, யாருடையது என்பதே. அமேசான் பெயர் பொறித்த வேன்களை ஓட்டுகிறவர்களில் பலருக்குச் சம்பளம் தருவது இடையிலுள்ள சிறு ஒப்பந்த நிறுவனங்கள். கலிபோர்னியாவின் பாம்டேலில் அப்படிப்பட்ட டிரைவர்கள் 2023 ஏப்ரலில் டீம்ஸ்டர்ஸில் சேர்ந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை அமேசான் முடித்துக்கொண்டது. அவர்கள் தன் ஊழியர்கள் அல்ல என்பது அமேசானின் நிலை. 2024 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகம், அமேசானும் கூட்டு முதலாளியே என்ற யூனியனின் வாதத்தில் பொருள் இருப்பதாகக் கண்டது. வேனின் பெயர் ஒருவருடையது, சம்பளப் பட்டியல் இன்னொருவருடையது என்னும்போது, சுவரைக் கட்டச் சொல்லி டிரைவர் யார் கதவைத் தட்டுவது என்பதே வழக்காகிவிட்டது.