சித்தாள் என்றொரு சொல்

எங்கள் கல்லூரி நூலக மேசையில் ஒருநாள் மூன்று நூல்கள் கிடந்தன. ஒன்று கட்டட ஒப்பந்தம் பற்றியது, ஒன்று மென்பொருள் உருவாக்கம், ஒன்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்ட வரலாறு. முதல் நூலைப் புரட்டிய மாணவி கேட்டாள்: "எங்கம்மா இருபது வருசமா கலவை சொமக்கா மேடம். இன்னும் ஏன் சித்தாளாவே இருக்கா?"

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 'வரையறைகள்' என்ற பகுதியோடு தொடங்குகின்றன. அநீதி கூலிக் கணக்கில் இருப்பதாக நினைக்கிறோம். அதற்கு முன்பே, எது வேலை, எது எடுபிடி என்று பெயரிடும்போதே அது நடந்துவிடுகிறது.

ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்று 1976இல் சட்டம் வந்தது. கொத்தனாருடையது திறன் வேலை, சித்தாளுடையது திறனற்ற வேலை என்று வகுத்துவிட்டால், சட்டத்தை மீறாமலே குறைத்துக் கொடுக்கலாம். கட்டுவேலைக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு என்று கலவைப் பக்குவம் அறிந்தவள் அவள். கூட வேலைக்கு வந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனாராகிறான். கரண்டி மட்டும் அவள் கைக்கு வருவதில்லை. சிற்றாள்தான் சித்தாள் ஆனது. சொல்லே அவளைச் சிறிய ஆளாக்கிவிட்டது.

மற்ற இரண்டு நூல்களின் கதையும் இதுதான். 1946இல் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களை அன்றைய விருந்துக்கு அழைக்கவில்லை. 1955இல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்கு இரவோடிரவாகப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன். என்னைப் போல ஒரு கல்லூரி ஆசிரியை. ஊர் அறிந்த பெயரோ மார்ட்டின் லூதர் கிங்.

நம் கரைக்கு வருவோம். முத்துக் குளிப்பவனின் கயிற்றை மேலே அவன் மைத்துனன்தான் பிடிப்பான் என்று இங்கே சொல்வார்கள். தங்கையின் தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டான் என்பது நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள். தோணியில் இல்லாத ஒரு பெண்ணின் வாழ்வுதான் அந்த ஒப்பந்தத்தின் பிணை. பங்கு பிரிக்கும்போது அவள் பெயர் உண்டா?

கையெழுத்திட்டதால் ஒப்பந்தம் நியாயமாகிவிடுமா? சொற்களை வகுத்த இடத்தில் இல்லாதவள் பின்னால் வைக்கும் கைநாட்டு, சம்மதம் ஆகாது. வேறு வழியில்லை என்பதற்கான சாட்சி அது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பீர்கள். சரிதான். 'கட்டடத் தொழிலாளி' என்று அழைத்துவிட்டுக் கரண்டியைக் கொடுக்காமலிருக்கலாம்.

அந்த மாணவியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு என்னென்ன வேலை தெரியும்னு எழுதிட்டு வா" என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். வரையறை அங்கிருந்து தொடங்கட்டும்.