நன்றிக்கடன் யாருக்கு?

வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வந்த பெற்றோரிடம் ஊரார் வழக்கமாகச் சொல்வது ஒன்று: "பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்கள்." அந்தப் பிள்ளையிடம் சொல்வது வேறொன்று: "நீ கொடுத்து வைத்தவன்." இரண்டும் அன்போடு சொல்லப்படுபவையே. ஆயினும் இவற்றை ஒரே வீட்டில் பல்லாண்டுகள் கேட்டு வளரும் பிள்ளையின் உள்ளத்தில் அவை ஒரு கணக்கேடாக மாறிவிடுகின்றன. புண்ணியம் அவர்களுக்கு, பேறு தனக்கு. ஆகவே கடனாளியும் தானே. இந்தக் கணக்கு நேரியதா என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நல்ல நோக்கமே பிள்ளைக்குச் சுமையாகக் கூடும் என்பதற்கு நாம் அறிந்த சான்று ஒன்று உண்டு. ஜோசபின் பேக்கர் என்னும் புகழ்பெற்ற பாடகி, அமெரிக்காவில் பிறந்து, நிறவெறியின் கொடுமையைச் சிறுவயதிலேயே நுகர்ந்து, பிரான்சில் குடியேறியவர். 1954 முதற்கொண்டு அவர் பல நாடுகளையும் நிறங்களையும் சேர்ந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து, அவர்களை 'வானவில் குலம்' என அழைத்தார். மனிதர் அனைவரும் உடன்பிறந்தாராய் வாழக்கூடும் என்று உலகுக்குக் காட்டுவதே அவர் விருப்பம். அதில் குறை காண நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த மிலாந்து மாளிகைக்கு வந்த சுற்றுலாப் பயணியர், அந்தப் பிள்ளைகளையும் வேடிக்கை பார்த்தார்கள். தாயின் கொள்கைக்குச் சான்று பகர்வது பிள்ளைகளின் வேலையாயிற்று. நம்மில் எவரும் மாளிகை வைத்திருக்கவில்லைதான். இருந்தாலும் விருந்தினர் வரும்போது பிள்ளையை முன்னே நிறுத்தி, அது கிடைத்த கதையை நாமே சொல்லி மகிழும் ஆசை எளிய வீட்டிலும் எழும். அந்தக் கதை பிள்ளைக்குச் சொந்தமானது அல்லவா?

கொரியப் போருக்குப் பின் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு லட்சம் கொரியக் குழந்தைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். தொடக்க காலத்தில் வளர்ப்புப் பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை மிக எளியது: சொந்தப் பிள்ளையாகவே வளருங்கள், பழையதைக் கிளறாதீர்கள். பெயர் மாறியது, பேசிய மொழி சில மாதங்களில் நாவை விட்டு அகன்றது, பிள்ளை வெற்றுத்தாளாக வந்ததென்றே எல்லாரும் நம்பினார்கள்.

தாள் வெறுமையாக இருக்கவில்லை. மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பிரான்சுக்கு வந்து வளர்ந்த கொரியர் சிலரை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தபோது, தாய்மொழி வாக்கியத்தைப் பிற அயல்மொழிகளிலிருந்து பிரித்தறியவும் அவர்களால் இயலவில்லை. முற்றும் அழிந்துவிட்டது போலும் என்று தோன்றியது. ஆனால் நெதர்லாந்தில் வளர்ந்த கொரியர் 29 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. கொரிய ஒலிகளைப் பயிற்றுவித்தபோது, அம்மொழியை ஒருபோதும் கேட்டிராத டச்சு மக்களைவிட அவர்களே நன்றாக ஒலித்தார்கள். அவர்களுள் ஆறு மாதம் நிறையுமுன்பே நாட்டை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள்! ஒரு சொல்லும் பேசத் தெரியாத வயதில் காதில் விழுந்த தாய்மொழி, அவர்களே அறியாமல், பல பத்தாண்டுகள் உள்ளே தங்கியிருந்திருக்கிறது.

இப்படி ஒரு பழைய வாழ்வை உள்ளே சுமந்து வரும் பிள்ளை புதிய வீட்டில் முதல் மாதங்களை எப்படிக் கழிக்கிறது? விடுதியில் பசித்திருந்த பிள்ளை தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைக்கிறது. அதைத் திருட்டென்று கண்டிக்கும் வீடும் உண்டு. கை எட்டும் இடத்தில் எந்நேரமும் உணவு வைத்திருக்கும் வீடும் உண்டு. அழுதால் எவரும் வரமாட்டார் என்று கற்றுக்கொண்ட பிள்ளை அழுவதில்லை. "எவ்வளவு அமைதியான குழந்தை!" என்று அயலார் வியப்பார்கள். அது வீரிட்டு அழத் தொடங்கும் நாள்தான் உண்மையில் பெற்றோர் மகிழவேண்டிய நாள். முன்பே வீட்டிலிருந்த பிள்ளையோ, தன் தாயின் மடி ஒரே நாளில் பங்குபோனதைக் கண்டு திகைக்கிறது. தாயின் நிலையைத்தான் எவரும் பேசுவதில்லை. பல ஆண்டு காத்திருந்து பெற்ற பிள்ளையைக் கண்டும் உள்ளம் பொங்காமல், களைப்பும் வெறுமையுமே மிஞ்சி, அதை வெளியே சொல்ல வெட்கி நிற்கும் வளர்ப்புத் தாயர் பலர். புண்ணியம் செய்தவள் எப்படிச் சலித்துக்கொள்வாள்? ஊரார் சூட்டிய புகழ்மாலையே அவள் வாயை அடைத்துவிடுகிறது.

அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின் பிரிட்டன் குடும்பங்களுக்கு வந்த 165 ருமேனியக் குழந்தைகளை, மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வுக்குழு இளமைப் பருவம் வரை தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குமேல் விடுதிகளில் கிடந்தவர்களில் பலரை, நல்ல வீடு கிடைத்தும், அந்நாள்களின் வடு வளர்ந்த பின்னும் விடவில்லை. அவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எக்குறையுமின்றி வளர்ந்தது வியப்பே. ஆனால் மற்ற நால்வரை நன்றிகெட்டவர் என்று சொல்ல யாருக்கு மனம் துணியும்?

இனி, இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்றுக்கு வருகிறோம். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு அமைத்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இலங்கை, இந்தோனேசியா, வங்காளதேசம், பிரேசில், கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் பொய்ப் பத்திரங்களும் குழந்தை வணிகமும் கலந்திருந்ததையும், அரசு அறிந்தும் வாளாவிருந்ததையும் அது எடுத்துரைத்தது. 1980-களில் இலங்கையில், பெற்றவளல்லாத ஒருத்தி கூலிக்குத் தாயாக நடித்துக் குழந்தையை ஒப்படைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. டச்சு அரசு மன்னிப்புக் கேட்டது. 2025-இல் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் தன் நாட்டு அரசின் பொறுப்பை வெளிப்படையாக உரைத்தது.

அன்போடு வளர்த்த முதியவர் ஒருவர் இவ்வறிக்கையைப் படிக்கும் மாலைப்பொழுதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சி, கடலுக்கு அப்பால் வேறொருத்தியின் தீராத கண்ணீரோ என்ற ஐயம் இனி அவரை விடாது. நாற்பது வயது மகள் பெற்றவளைத் தேடிப் போக விரும்புகிறாள். தந்தைக்கு நோகுமோ என்று சொல்லத் தயங்குகிறாள். இங்கேதான் அந்தப் பழைய கணக்கேடு கிழியவேண்டும். அவளாக விரும்பி அந்த வீட்டுக்கு வரவில்லை. பெற்றோரே விரும்பி அழைத்து வந்தார்கள். விரும்பியவர்மீதே கடமை விழுகிறது. பழைய கடிதங்களைத் தேடி எடுத்துத் தருவதும், பயணத்துக்கு உடன் வரட்டுமா என்று கேட்பதும், வேண்டாம் என்றால் வீட்டில் காத்திருப்பதும் அவருடைய பங்கு. அவள் நன்றி சொன்னால் அது அவளுடைய கொடை.

விவிலியத்தில் மோசே, வேற்றினத்தார் வீட்டில் வளர்ந்த பிள்ளை. கூலி பெற்று அவருக்குப் பாலூட்டியவள் அவரைப் பெற்றவளே என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. யோக்கபேது என்ற அவள் பெயரையும் பின்னர் தருகிறது. எடுத்து வளர்த்த பார்வோன் மகளின் பெயரையோ அது தரவில்லை. வளர்ந்தபின் மோசே தம் இனத்தாரைக் காணச் சென்றார். அன்று அரண்மனையில் அந்தப் பெண் என்ன எண்ணினாள் என்பதையும் நூல் சொல்லவில்லை. ஆனால் மோசே என்று பெயரிட்டவள் அவளே. அவர் இறுதிவரை அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார்.