பீடத்திலிருந்து வீட்டுக்கு

நெல்லைச் சீமையின் சி.எஸ்.ஐ. வீடுகளில் ராத்திரி ஆனால் குடும்ப ஜெபம் நடக்கும். டி.வி. அணையும், பாய் விரியும். பாமாலையிலிருந்தோ கீர்த்தனைப் புத்தகத்திலிருந்தோ ஒரு பாட்டு. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வசனமாக ஓர் அதிகாரம் வாசிப்பார்கள். பிறகு ஒருவர் வாய்விட்டு ஜெபிப்பார். பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னால் முடிந்தது. தூங்கி விழுகிற கடைக்குட்டியைத் தொடையில் கிள்ளி எழுப்புவதும் இதில் சேர்த்தி.

இந்தக் கால் மணி நேரம் குடும்பத்தை நிஜமாகவே தாங்குகிறதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அப்பாமார் பயத்தைச் சொல்வதில்லை. கடன் நெருக்குகிறது, வேலை போய்விடும் போலிருக்கிறது என்று மனைவியிடம்கூட வாய் திறக்காத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் சொல்லும்போது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேருக்கு நேர் சொல்ல முடியாததை மேலே பார்த்துச் சொல்லிவிடலாம். கல்லூரி படிக்கிற மகனுக்கு அன்றைக்குத்தான் வீட்டு நிலவரம் தெரியும். மறுநாள் அவன் பைக் கேட்க மாட்டான்.

ஆனால் இதே வழியில் அம்பும் வரும். “ஆண்டவரே, இந்த வீட்டில் சில பேருக்கு அடக்கமான நாவைத் தாரும்” என்று மாமியார் உருகி ஜெபித்தால், அந்தச் சில பேர் யார் என்று பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மருமகள் ஆமென் சொல்லியாக வேண்டும். பதில் ஜெபத்துக்கு அவள் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

ஜெபிக்கிற குடும்பம் சேர்ந்திருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட எனக்குத் தயக்கம் அதனால்தான். இயேசு அடுக்குகிற வரிசையே வேறு. மலைப் பிரசங்கத்தில், காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். மாற்கு 7இல் இன்னும் கடுமை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, கடவுளுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பிப்பவர்களைக் கண்டிக்கிறார். உபவாசக் கூட்டம், கன்வென்ஷன் என்று ஊர் ஊராகப் போய்விட்டு, படுக்கையில் கிடக்கும் தாயைத் தங்கையின் தலையில் கட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒரு தடவை சத்தமாக வாசிக்கலாம்.

விசுவாசம் குடும்பத்தைப் பலப்படுத்துவது, ஆளைப் பீடத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக் கணக்கைத் தீர்க்காமலிருக்கப் பீடத்தடியில் ஒதுங்கினால் அது நேர்மாறான வேலையைச் செய்யும்.

எபேசியர் 5ஆம் அதிகாரம் கல்யாணப் பிரசங்கங்களில் தவறாமல் வரும். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பது ஆண்களுக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. கணவனுக்கோ கிறிஸ்து சபைக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்ததுபோல் அன்புகூர வேண்டும் என்று கட்டளை, அதுவும் மனைவிக்குச் சொன்னதைவிட நீளமாக. இவ்வளவையும் தாண்டிவிட்டு ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அடிபட்டு வந்த மகளிடம் “பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு” என்று சொல்லி அனுப்புகிறோம். அவளுக்கு முதலில் வேண்டியது பத்திரமான இடம். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005இலேயே சட்டம் வந்துவிட்டது. குடிக்கிறவனுக்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும்.

வேதத்தில் தேடினாலும் முன்மாதிரிக் குடும்பம் லேசில் அகப்படாது. யாக்கோபு ஒரு பிள்ளைக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்தான். மற்ற பிள்ளைகள் அவனை விற்றே விட்டார்கள். தாவீதுக்கு எதிராக அவன் மகன் அப்சலோமே படை திரட்டினான். நம் சபையின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் 1785இல் கோயில் கட்டிய குளோரிந்தா ஒரு மராட்டியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். ஒழுங்கான குடும்பம் என்ற சான்றிதழ் கேட்டிருந்தால் அந்தக் கோயில் எழும்பியிருக்காது. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று சாட்சி சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எங்கள் ஆச்சிக்கும் அவள் ஓரகத்திக்கும் கிணற்றடித் தென்னையால் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பகையோடு திருவிருந்து எடுக்கக் கூடாது என்பதில் ஆச்சி பிடிவாதக்காரி. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் படியேறிப் போய், “எக்கா, நாளைக்கு திருவிருந்து. நாம பேசிருவோம்” என்றாளாம். “பேசுதேன். தேங்கா மட்டும் எனக்குத்தான்” என்று பதில் வந்திருக்கிறது. மறுநாள் இருவரும் ஒரே வரிசையில் முழங்காலிட்டார்கள். தென்னை வழக்கு அதற்கப்புறமும் வெகுகாலம் ஓடியது, இரண்டு வீட்டுக்கும் குழம்பு போய்வந்தபடியே.