வீட்டின் விலையும் அயலானின் அவசரமும்



கொடுமுடியில் வீடு விற்கையில் அக்கம்பக்கத்துக் கிரய விலை, சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு என இரு கணக்கு பார்க்கிறோம். நியாய விலை என்ற மூன்றாவது கணக்கும் உண்டு. 1274-இல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்தார். பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு நஷ்டமானால், அதற்கு ஈடாகக் கூடுதல் கேட்கலாம். வாங்குபவனின் அவசரத்தைப் பார்த்து விலையேற்றலாகாது. அந்த அவசரம் விற்பவனுடைய சொத்தல்லவே! தனதல்லாததை ஒருவன் எப்படி விற்பான்?

வைத்தியச் செலவுக்காக விற்பவனை நெருக்கி அடிமாட்டு விலைக்கு வாங்குவதும் இதே அநியாயம்தான். சம்மதித்துத்தானே கையெழுத்திட்டான் என்பீர்கள். வேறு வழியற்றவனின் சம்மதம் முழுச் சம்மதமாகுமா?

மறைவான குறையையும் ஒளிக்காதீர்கள். வில்லங்கச் சான்று பதிவான அடமானத்தைக் காட்டும். காவேரி வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைக் காட்டாது. அதை முன்பணம் வாங்குமுன் நீங்களே சொல்லவேண்டும்.