நட்டக் கணக்கு

திருப்பத்தூரில் நின்று பார்த்தால் கிழக்கே ஜவ்வாது மலை. மலைக்கு முதுகைக் காட்டி மேற்கே கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் பழைய ரயில் பாலத்தின் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மேலே பாலம் இல்லை, தண்டவாளம் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். கேட்டால், 'அது வெள்ளக்காரன் கட்டுனது' என்கிறார்கள். வெள்ளைக்காரன் எந்தக் கல்லைத் தூக்கினான்?

1905இல் போட்ட குறுகிய பாதை அது. இரண்டரை அடி அகலம், சுமார் 25 மைல் நீளம். 1906இல் மொரப்பூர்–தருமபுரி பாதை வந்தது, 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டுமே பஞ்சத் தடுப்புக்காகப் போட்டவை.

எந்தப் பஞ்சம்? நம் பாட்டிமார் வாயில் 'தாது வருசம்' என்று வருகிற 1876–78 பஞ்சம். பல லட்சம் பேர் செத்தார்கள். முதலில் செத்தது நிலமில்லாத கூலிச் சனம்தான். அந்த நாளிலும் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டை அடுக்கிக் கிடந்தது. 1877இல் நிவாரண வேலையில் ஆணுக்குக் கூலி ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும். அதற்குப் பிறகு கூடிய பஞ்சக் கமிஷன், தானியம் கொண்டுபோகப் பாதை போடணும் என்று 1880இல் சொன்னது.

அப்படி உயிர் காக்கப் போட்ட பாதையை, வரும்படி இல்லை, நட்டம் என்று மூடினார்கள். இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னே தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இரும்புக்கு விலை உண்டு, எடுத்தார்கள். அடுக்கின கல்லுக்கு விலை இல்லை, விட்டார்கள்.

'ஆள் ஏறாத ரயிலுக்கு யார் பணம் கட்டுவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரயில் இருந்தால் மட்டும் பசி தீராது என்பதும் உண்மை. கையில் காசில்லாதவன் கண்ணெதிரே மூட்டை இறங்கினாலும் பட்டினிதான். பஞ்சம் தானியம் இல்லாததால் மட்டும் வருவதில்லை, வாங்கத் திராணி இல்லாததால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எழுதினார். நம்ம சனத்துக்கு அது வயிற்றிலேயே தெரியும்.

ஆனால் என் கேள்வி வேற. கூரை வீட்டுத் தெருவில் தண்ணித் தொட்டி கட்டுகிறோம். பத்து வருசம் தீப்பிடிக்கவில்லை. தொட்டி நட்டம் என்று இடிப்போமா? காப்பதற்கென்று செய்த ஒன்றை சம்பாதிக்கவில்லை என்று தண்டிப்பது எந்த நியாயம்? பஞ்சம் வராத வருசம்தானே அதன் வரும்படி?

இந்தக் கணக்கு வெள்ளைக்காரனோடு போகவில்லை. மலைக் கிராமத்து பஸ்ஸுக்குக் 'கலெக்சன் இல்லை' என்கிறபோதும், பிள்ளைகள் குறைவு என்று சேரிப் பள்ளிக்கூடத்தை மூடப் பார்க்கிறபோதும் அதே பேரேடுதான் திறக்கிறது. அதில் நம் உயிர் எப்போதும் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது. வரவுப் பக்கத்தில் எழுதவேண்டிய உழைப்போ ஓடைக்குள் பேரில்லாமல் நிற்கிறது.

அந்தக் கல்லைச் சுமந்த தோள் யாருடையது என்று எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் நூறு வருசத்துக்கு மேலாக வெள்ளம் வந்து போயும் அது அசையவில்லை. நட்டம் என்று சொன்னவர்கள்தான் போய்விட்டார்கள்.