அயல்பணி ஒப்படைப்பும் கருத்துக் கட்டுரையின் அறமும்

முன்னுரை

தான் கொண்ட கருத்தைப் படிப்பவர் மனத்தில் நிலைபெறச் செய்தல் கருத்துக் கட்டுரையின் நோக்கமாகும். அதன்பொருட்டு அது கைக்கொள்ளும் வழிகள் அறத்தின்பாற்பட்டனவா என்பது தனியே ஆராயத்தக்கது. பொய் ஒன்றும் கூறாமலே படிப்பவரை ஒருதலையாக இணங்கவைத்தல் இயலும் என்பதால் இவ்வினா எழுகிறது. அவுட்சோர்சிங் என வழங்கும் அயல்பணி ஒப்படைப்புப் பற்றி 2003, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நிகழ்ந்த சொற்போர் இதற்குத் தக்க சான்றாகும். மென்பொருள் எழுதுதல், கணக்குப் பதிதல், வாடிக்கையாளர்க்குத் தொலைபேசியில் விடையளித்தல் முதலிய பணிகள் பெங்களூர் போன்ற நகரங்களுக்கு மாறிய காலம் அது. 2004 அங்குக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்ற ஆண்டாகவும் அமைந்தது. அச்சொற்போரில் இரு தரப்பாரும் கையாண்ட பெயர், எண், முகம் ஆகிய மூன்று வழிகளையும் அவற்றின் அறநிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரிடும் முறை

2004 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர் கிரிகரி மேன்கியூ, அயல்பணி ஒப்படைப்பு பன்னாட்டு வணிகத்தின் புதியதொரு வடிவமே என்றும், நெடுங்கால நோக்கில் நாட்டுக்கு நன்மை தரக்கூடியது என்றும் கருத்துரைத்தார். அவர் சார்ந்த ஆட்சியின் கட்சியைச் சேர்ந்த கீழவைத் தலைவரே அதனை மறுத்தார். சி.என்.என். தொலைக்காட்சியில் லூ டாப்ஸ் அதே நிகழ்வை 'அமெரிக்காவை ஏற்றுமதி செய்தல்' எனக் குறித்துவந்தார். 'வணிகம்' என்னும் சொல் இருவர் விரும்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலை நினைவூட்டுகிறது. 'ஏற்றுமதி' என்னும் சொல்லோ நாட்டுக்குரிய உடைமை ஒன்று கப்பலேறிப் போவதாகக் காட்டுகிறது. நிகழ்வு ஒன்றே, பெயர் மாறியதும் தீர்ப்பும் மாறிவிடுகிறது.

இப்பெயர் வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அயல்நாட்டு வணிகத்தால் வேலையிழந்தோர்க்கு உதவும் திட்டம் ஒன்றை அமெரிக்கா 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஏற்படுத்தியது. 2000களின் தொடக்கத்தில் மென்பொருள் ஊழியர் பலர் அவ்வுதவியை வேண்டியபோது, மென்பொருள் சட்டம் கூறும் 'பொருள்' ஆகாது எனக் காரணம் காட்டி அரசு மறுத்தது. 2009இல்தான் சேவைத் துறையினர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. 2022 ஜூலையோடு அத்திட்டம் புதியவர்களை ஏற்பதும் நின்றது. அயல்பணி ஒப்படைப்பு வணிகமே என்று வாதிடுவோர், வணிகத்தால் இழப்புற்றோர்க்குச் செய்யவேண்டிய கடமையும் அச்சொல்லோடு வருகிறது என்பதை ஏற்றாக வேண்டும். பெயரின் பயனை மட்டும் கொண்டு அதன் கடமையை விடுதல் நேர்மையாகாது.

எண்ணின் ஆட்சி

மெக்கின்சி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவுக்குப் பணியை மாற்றுவதில் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் அமெரிக்கா 1.12 முதல் 1.14 டாலர் வரை பயன் பெறுவதாகக் கணக்கிட்டது. அயல்பணியை ஆதரிப்போர்க்கு இது வலிய சான்றாயிற்று. ஆயின், அதில் 0.67 டாலரே நிறுவனங்களின் சேமிப்பு, புதிய விற்பனை, திரும்பிவரும் இலாபம் ஆகியவற்றால் வருவது. எஞ்சியது, வேலையிழந்தோர் வேறு வேலை பெற்று உழைப்பர் என்னும் கணிப்பால் வருவது. உற்பத்தித் துறைக்கு வெளியே இறக்குமதியால் வேலையிழந்தோருள் 69 விழுக்காட்டினர் மீண்டும் வேலை பெற்றனர் என்னும் 1979-1999 காலத் தரவு அதற்கு அடிப்படையாகும். ஏனைய 31 விழுக்காட்டினர் 1.12 என்னும் எண்ணுள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

எதிர்த்தரப்பாரின் எண்ணும் இத்தகையதே. 2015க்குள் 33 இலட்சம் சேவைத் துறை வேலைகள் வெளிநாடு செல்லும் என ஃபாரஸ்டர் நிறுவனம் 2002இல் முன்கணித்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பகுத்தால் அஃது ஆண்டுக்கு 2.2 இலட்சமாகும். அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 13 கோடிப் பணியிடங்கள் இருந்தன. ஆண்டுக்கணக்கையும் மொத்தத்தையும் விடுத்து 33 இலட்சத்தை மட்டும் கூறுவது உண்மையைக் கூறி அச்சத்தை விளைப்பதாகும்.

முகமும் மறைவும்

செனட் உறுப்பினர் சார்லஸ் சூமரும், ரீகன் ஆட்சியில் நிதித்துறையில் பணியாற்றிய பால் கிரெய்க் ராபர்ட்ஸும் 2004 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினர். ஆண்டுக்கு 1,50,000 டாலர் பெறும் 800 அமெரிக்க மென்பொருளாளர்க்கு மாற்றாக, 20,000 டாலர் பெறும் இந்தியரை அமர்த்த நியூயார்க் நிறுவனம் ஒன்று திட்டமிடுவதை அவர்கள் சுட்டினர். அவ்விந்தியர் திறமையில் குறைந்தவரல்லர் என ஒப்பியது அக்கட்டுரையின் நேர்மை. எனினும் அவர்கள் அதில் ஊதியத் தொகையாகவே நிற்கின்றனர்.

மறுமாதம் தாமஸ் ஃபிரீட்மன் பெங்களூரிலிருந்து அதே நாளிதழில் எழுதினார். அழைப்பு மையத்து இளைஞரின் ஊக்கமும், அங்குள்ள கணினி, மென்பொருள், குளிரூட்டி ஆகியன அமெரிக்க நிறுவனங்களுடையவையாய் இருத்தலும் அவர் காட்டிய சான்றுகள். இங்கு இந்தியர்க்கு முகம் உண்டு. வேலையிழந்த அமெரிக்கர் பொதுச்சொல்லாகவே நிற்கின்றனர். இந்திய வாசகர் தம்மவர் முகம் கண்டு மகிழ்தல் இயல்பு. அம்மகிழ்ச்சி வாதத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது.

இதன் அடியில் ஓர் அறச்சிக்கல் உள்ளது. பயன்பெறுவோரும் இழப்போரும் வெவ்வேறு மனிதர். பயன்பெற்றோர் இழந்தோர்க்கு ஈடு செய்தபின்னும் மிகுதி இருக்குமாயின் மாற்றம் நன்றே என்னும் கொள்கையை நிக்கோலஸ் கால்டோர் 1939இல் முன்வைத்தார். ஈடு உண்மையில் செய்யப்பட வேண்டும் என்பது அக்கொள்கையின் நிபந்தனை அன்று. செய்ய இயலும் என்பதே போதும். 'மொத்தத்தில் நன்மை' என முடியும் கட்டுரைகள் இயலுவதை நிகழ்ந்ததுபோல் தோன்றச் செய்கின்றன.

மாற்றார் கூற்றை ஏற்றுரைத்தல்

நன்னூல் வகுக்கும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும் ஒன்று. மாற்றார் கூற்றை அதன் முழு வலிமையோடு நிறுத்திய பின்னரே மறுக்கவேண்டும் என்னும் நெறி இதனுள் அடங்கும். ஆலன் பிளைண்டர் 2006இல் ஃபாரின் அஃபேர்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்நெறிக்கு அணித்தாக வருகிறது. கட்டற்ற வணிகத்தை ஆதரிப்பவராக இருந்தும், மின்வழியே தொலைவுக்கு அனுப்பத்தக்க பணிகள் பல என்பதையும், அம்மாற்றம் பலர்க்குத் துன்பம் தரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால் அவர் வாதம் வலுவிழக்கவும் இல்லை.

முடிவுரை

பெயரும் எண்ணும் முகமும் இன்றி இணங்கவைக்கும் எழுத்து அமையாது. அவற்றைக் கையாளுதலே குற்றமாகாது. ஒரு தரப்பாரை முகத்தோடும் மறுதரப்பாரை எண்ணாகவும் நிறுத்தி, அவ்வேறுபாட்டைப் படிப்பவர் உணராவண்ணம் செய்வதே குற்றமாகும். கட்டுரையின் முடிவால் இழப்புறுபவர் அதனைப் படித்து, முடிவை ஏற்காவிடினும் தம் இழப்பு அதில் உள்ளவாறு கூறப்பட்டுள்ளது என ஒப்புவாராயின், அக்கட்டுரை அறத்தின்பாற்பட்டது எனலாம். அயல்பணி ஒப்படைப்புப் பற்றிய எழுத்துகளில் இவ்வளவுகோலுக்கு நிற்பவை சிலவே. வேலை வந்த ஊரில் எழுதப்படும் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல.